முகப்பில் நாலு வரி

டெப்போவில் அவளை எல்லோரும் சார்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேனேஜர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். எந்த டிரைவர் எந்த பஸ்ஸை எத்தனை மணிக்கு எடுப்பது, எந்தக் கண்டக்டர் கூடப் போவது, யாருக்கு என்றைக்கு ஓய்வு என்று போடுகிற டியூட்டி சார்ட் அவள் பொறுப்பு. எழுபத்திரண்டு பஸ், முன்னூறு சொச்சம் ஆட்கள். சார்ட் ஒட்டுகிற பலகைக்குப் பக்கத்தில் கம்பி வலை போட்ட ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் அவள் மேஜை. சண்டை போட வருகிறவர்கள் வசதிக்காக ஜன்னலுக்கு வெளியே ஒரு பெஞ்சு கிடக்கும். அந்தப் பெஞ்சிலிருந்து ஜெயித்துவிட்டு எழுந்து போனவர் இதுவரை ஒருத்தரும் இல்லை.

சார்ட் போடுவதற்கு ஒரு மென்பொருள் உண்டு. பெயர் சக்கரம். அதற்கு முதலாளி என்று யாரும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், கோணலாக இருக்கும் இடத்தை நிமிர்த்தி எல்லோருக்கும் திருப்பிக் கொடுக்கலாம். எங்கெங்கோ இருக்கிற முப்பது, நாற்பது பேர் சேர்ந்து அதைக் கவனித்துக்கொள்கிறார்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை, சொந்தப் பெயரும் தெரியாது. எல்லோருக்கும் புனைபெயர்தான். ஆரம்பித்து வைத்தவர் மேஸ்திரி. அவள், ஜன்னல்.

அவள் உள்ளே போன கதையே ஒரு தனிக் கதை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு கண்டக்டர் ஐந்து மாதக் கர்ப்பத்தோடு வந்து, ராத்திரி டியூட்டி வேண்டாம் என்றாள். நியாயமான பேச்சு. ஆனால் சக்கரத்தில் அதைப் பதிய ஒரு கட்டம்கூட இல்லை. எழுதினவர்கள் யாருக்கும் அப்படி ஒரு கண்டக்டர் இருப்பாள் என்றே தோன்றவில்லை. சார்ட் அக்கா எழுதிக் கேட்டாள், பதில் வரவில்லை. மறுபடி கேட்டாள், அதற்கும் இல்லை. சரி, நம்மால் ஆகாததா என்று மகளின் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துவைத்துப் படிக்க உட்கார்ந்தாள். எட்டு மாதம் பிடித்தது. அதற்குள் அந்தக் கண்டக்டருக்குப் பிள்ளையே பிறந்துவிட்டது. ஆனாலும் திருத்தம் போய்ச் சேர்ந்தது, எல்லா டெப்போவிலும் அந்தக் கட்டம் வந்தது.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த ஆளில்லை. இரண்டே வருஷத்தில் அவளுக்கும் சாவி கொடுத்தார்கள். சாவி என்றால், யாரையும் கேட்காமல் சக்கரத்துக்குள் நேராகக் கைவைக்கிற உரிமை. கூட்டமெல்லாம் அப்போது எழுத்தில்தான் நடக்கும். ஐந்து வருஷம் எல்லோரும் அவளை "ஜன்னல் அண்ணே" என்றே எழுதினார்கள், அவளும் திருத்தப் போகவில்லை. ஒரு விஷயத்தைத் தட்டச்சில் பேசி முடிக்க மூன்று மணி நேரம் ஆகிறது என்று அலுத்துப்போய், கூட்டத்தைக் குரலுக்கு மாற்றச் சொன்னதும் அவள்தான். முதல் குரல் கூட்டத்தில் மேஸ்திரி கேட்டார்.

"ஜன்னல் அண்ணன் வரலையா? நீங்க அவர் வீட்டம்மாவா?"

"வீட்டம்மாதான். ஜன்னலும் நான்தான். விஷயத்துக்கு வாங்க."

அவ்வளவுதான், அடுத்த மாதத்திலிருந்து அண்ணே போய் அக்கா வந்தது. இதை அவள் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். வேலையைத்தான் பார்த்தார்கள், ஆளைப் பார்க்கவில்லை என்பாள்.

கூட்டத்துக்குள் ஒழுங்கு கொண்டுவந்ததும் அவள்தான். சாவியை வாங்கிவைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள் சிலர் இருந்தார்கள். தூங்குகிறவர் சாவி எவன் கையிலாவது சிக்கினால் எழுபத்திரண்டு பஸ்ஸும் நடுத்தெருவில் நிற்கும். அதனால் ஆறு மாதத்துக்கு முன்னால் வாட்ச்மேன் என்று ஒரு சின்ன நிரலை எழுதிவைத்தாள். கூட்டம் தொடங்கும்போது வருகைப் பதிவு நடக்கும். ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல வேண்டும். மூன்று கூட்டம் தொடர்ந்து குரல் கேட்காவிட்டால் வாட்ச்மேன் சாவியைத் தானாகவே வாங்கிக்கொண்டு, மரியாதையாக ஒரு நன்றிக் கடிதமும் அனுப்பிவிடும். கடித வாசகமும் அவளுடையதுதான். வாட்ச்மேனைப் பார்த்து மேஸ்திரியே அசந்துபோனார்.

இப்படியிருக்கையில்தான் பென்சில் என்கிற புதுப்பெண் ஒரு யோசனையோடு வந்தாள். சக்கரத்தின் முகப்புப் பக்கத்தில் ஓர் அறிக்கை வைக்க வேண்டுமாம். பிறப்பு, பால், மொழி, வயது, உடல்நிலை எதுவானாலும் இங்கே எல்லோருக்கும் இடமுண்டு என்று ஒன்றரைப் பக்கம். மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. அவரைவிட அதிகமாகச் சார்ட் அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"யார் எழுதின திருத்தம்னு பஸ்ஸுக்குத் தெரியுமா?" என்று கூட்டத்தில் வெளுத்து வாங்கினாள். "நல்வரவுன்னு மிதியடில எழுதிப் போட்டுட்டா வீடு பெருசாயிடுமா? எனக்கு யாரு அறிக்கை வச்சாங்க? வந்தேன், செஞ்சேன், சாவி குடுத்தாங்க. வர்றவங்க வரட்டும்."

"அக்கா, உள்ள வந்தவங்களைக் கேட்டா வாசல் திறந்துதான் இருந்துச்சுன்னுதான் சொல்வாங்க. வராதவங்களை யாரு கேட்டா?" என்றாள் பென்சில்.

"வராதவங்களை எங்க போய்த் தேடுறது? நீயே தேடிக் கூட்டிட்டு வா, பாக்கலாம்."

கூட்டத்தில் சிரிப்பு. ஓட்டெடுப்பு அடுத்த மாதம், சனிக்கிழமை என்று முடிவானது. அன்றைக்கு ராஜநடை போட்டுக்கொண்டுதான் அவள் சமையலறைக்குள் போனாள். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிற கணவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு பாவம்" என்றார் அவர்.

"பாவமென்ன பாவம். பதில் சொல்லட்டும்."

"உன்கிட்ட யாரு சொல்லுவா?"

இதைப் பாராட்டு என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

ஓட்டெடுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை காலை, பெஞ்சில் ஒரு டிரைவர் வந்து உட்கார்ந்தார். ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கினவர். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அவளே எட்டிப்பார்த்துக் கேட்க வேண்டியிருந்தது.

"நேத்து ராத்திரி பதினொன்றரைக்கு வண்டியை விட்டேன்க்கா. இன்னிக்குக் காலைல நாலரைக்கு மறுபடி போட்டிருக்கீங்க" என்றார். "பாலத்து வளைவுல கண்ணு சொருகிடுச்சு. ஒரு செகண்டுதான். பின்னாடி அறுபது பேரு. நான் சண்டைக்கு வரல. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

ஒரு டியூட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவில் பத்து மணி நேரம் ஓய்வு இருந்தாக வேண்டும். அதைக் கணக்கிடுவது சக்கரம். நாலு வருஷமாக அந்தக் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை, அதனால் அவள் அதைச் சரிபார்ப்பதையே விட்டிருந்தாள். ரேடியோவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மற்ற முன்னூறு பேருடைய ஓய்வையும் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்த்தாள். இன்னும் நாலு பேருக்கு இதே கதி. நாலு டியூட்டியையும் மாற்றிப் போட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடித்தாள்.

மத்தியானம் சக்கரத்தைப் பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. போன மாதம் மேஸ்திரி ஒரு திருத்தம் போட்டிருக்கிறார். நள்ளிரவு தாண்டித் தேதி மாறுகிற இடத்தில் ஓய்வு மணி இரட்டிப்பாக எண்ணப்பட்டுவிட்டது. மேஸ்திரி தப்பு செய்வது புதிதல்ல. ஆனால் அந்தப் பகுதியில் யார் கைவைத்தாலும் எறும்பு பார்த்துவிடுவார். எறும்பு என்பது அந்த ஓய்வுக் கணக்கை நாலு வருஷமாகக் கட்டிக்காத்தவரின் புனைபெயர். வாயாடாத ஆள். இரண்டு வரியில் தப்பைச் சொல்லுவார், மூன்றாவது வரியில் திருத்தம் இருக்கும். அவர் எங்கே போனார்? தேடினால் மூன்று மாதமாக ஆள் அரவமே இல்லை. சாவியும் இல்லை, வாட்ச்மேன் வாங்கிவிட்டிருக்கிறது.

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. சொல்லாமல் கொள்ளாமல் இப்படியா ஓடுவது? உட்கார்ந்து சூடாக ஒரு கடிதம் எழுதினாள். உங்கள் கணக்கை நம்பி ஒரு டிரைவர் பாலத்தில் கண்ணயர்ந்துவிட்டார், போகிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா என்று. மறுநாள் காலை பதில் வந்திருந்தது.

"வணக்கம். நான் போகவில்லை. உங்கள் வாட்ச்மேன் அனுப்பிவைத்தது. எனக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் கிடையாது. கூட்டம் எழுத்தில் நடந்தவரை அது யாருக்கும் தெரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. குரலுக்கு மாறிய பிறகும் எல்லாக் கூட்டத்துக்கும் வந்தேன். மற்றவர்கள் பெயர் சொல்லும்போது நான் பக்கத்து எழுத்துப் பெட்டியில் பெயர் எழுதினேன். வாட்ச்மேன் வந்த பிறகு மூன்றாவது கூட்டம் முடிந்ததும், உங்கள் ஆர்வம் குறைந்துவிட்டதாகத் தெரிகிறது, இதுவரை உழைத்ததற்கு நன்றி என்று கடிதம் வந்தது. யாரிடமாவது கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று தெரியவில்லை. ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று முகப்புப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. இங்கே நடைமுறை இதுதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். டிரைவர் இப்போது நலமா?"

அவள் கடைசி வரியை மறுபடி படித்தாள். பிறகு பழைய கூட்டங்களின் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாவற்றிலும் இருந்தது. கூட்டம் தொடங்கிய இரண்டாவது நிமிஷம், வலது பக்கத்துச் சின்னப் பெட்டியில், "எறும்பு, வந்திருக்கிறேன்." பன்னிரண்டு கூட்டம், பன்னிரண்டு தடவை. அந்தப் பெட்டியையும் பார் என்று வாட்ச்மேனுக்கு அவள் சொல்லிவைக்கவில்லை. அவளும் பார்த்ததில்லை. தூங்குகிறவர்களைப் பிடிக்கப் போட்ட வாட்ச்மேன், கூட்டத்திலேயே அதிகமாக விழித்திருந்த ஆளைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்தாள். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிற மகள் பயந்துபோய் அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். அவள் கடிதத்தைக் காட்டினாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். "உன்மேல தப்பில்லைன்னு சொல்லட்டுமா, உண்மையைச் சொல்லட்டுமா?"

"உண்மையையே சொல்லுங்க. பொய் சொன்னா உங்க மூஞ்சியிலயே தெரியும்."

"அஞ்சு வருஷம் உன்னை அண்ணன்னு நினைச்சாங்க. சாவி குடுத்தது அந்த அண்ணனுக்கு. முதல் நாளே பொம்பளைன்னு தெரிஞ்சிருந்தா அந்தத் திருத்தத்தை வாங்கியிருப்பாங்களா?"

"வாங்கியிருப்பாங்க. வாங்க வச்சிருப்பேன்."

"அதான் சொல்றேன். நீ வாங்க வச்சிருப்ப. எல்லாரும் நீயா?"

மகள் சும்மா இருக்கவில்லை. "நீ கேட்டதுக்கு அவங்க ரெண்டு தடவை பதில் போடலைன்னு சொல்லுவியேம்மா. நீ எட்டு மாசம் என் புத்தகத்தைப் புடுங்கிப் படிச்ச. நான் பரீட்சைக்கு ஃப்ரெண்டுகிட்ட கடன் வாங்கிப் படிச்சேன்."

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆனால் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கிற ஜாதி இல்லை அவள். மறுநாள் விடியற்காலையில் எழுந்து முதல் வேலையாக எறும்பின் சாவியைத் திருப்பிப் போட்டாள். வாட்ச்மேனுக்கு எழுத்துப் பெட்டியைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். மன்னிப்புக் கேட்டு எழுதினாள், திரும்பி வாருங்கள் என்று எழுதினாள், டிரைவர் நலம் என்றும் எழுதினாள். பதில் வரவில்லை. சாவியும் தொடப்படாமல் கிடந்தது. எறும்பு வராவிட்டால் அந்தக் கணக்கை நம்பி இனி ஒரு சார்ட்டும் போட முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதைவிட, வராவிட்டால் தன் முகத்தில் தானே விழிக்க முடியாது என்றும் தெரியும். தினமும் முன்னூறு பேருடைய ஓய்வையும் கையாலேயே கணக்குப் போட்டாள்.

அடுத்து, ஆறு மாதத்தில் வாட்ச்மேன் யார் யாரையெல்லாம் வெளியே அனுப்பியிருக்கிறது என்று பட்டியல் எடுத்தாள். எறும்பைத் தவிரப் பதினோரு பேர். பதினோரு பேருக்கும் எழுதினாள். சிலருக்கு உண்மையிலேயே ஆர்வம் போய்விட்டிருந்தது, நல்லபடியாக எழுதியிருந்தார்கள். ஒருவருக்குத் திக்குவாய், இருபது பேர் காத்திருக்கும்போது தன் பெயரைச் சொல்லவே அவரால் முடியாதாம். ஒருத்தி ஒற்றை அறையில் கைக்குழந்தையோடு இருக்கிறாள், குரல் எழுப்பினால் பிள்ளை எழுந்துவிடும். இன்னொருவர் எழுதியிருந்தார், "நான் பேசியபோது என் உச்சரிப்பைக் கேட்டு யாரோ சிரித்தார்கள்." சிரித்தது யார் என்று சார்ட் அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. அவளேதான்.

சனிக்கிழமை வந்தது. கூட்டம் எழுத்தில்தான் நடக்க வேண்டும் என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். மேஸ்திரி முணுமுணுத்தார், ஆனால் அவளை எதிர்த்து நிற்கிற தெம்பு அவருக்கும் கிடையாது. மத்தியானம் மூன்று மணிக்கு எல்லோரும் பெயரைத் தட்டினார்கள். எறும்பின் பெயர் வரவில்லை. அவள் ஐந்து நிமிஷம் காத்திருந்தாள். பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினாள், தான் சிரித்தது உட்பட. கடைசியில், போன மாதம் சொன்னது அத்தனையும் தப்பு, என் ஓட்டு அறிக்கைக்கு என்று முடித்தாள்.

முதலில் எழுதினது மேஸ்திரி.

"தப்பு நடந்துச்சு, திருத்தியாச்சு. வாட்ச்மேன் இப்ப எழுத்தையும் பாக்குது. அப்புறம் அறிக்கை எதுக்கு? வார்த்தை எதையும் திருத்தாது. நீங்கதானே மிதியடின்னு சொன்னீங்க?"

நியாயமான கேள்விதான். போன மாதம் என்றால் இதே கேள்வியை அவள் இன்னும் காரமாகக் கேட்டிருப்பாள். "எறும்பு ஒருத்தர் இருக்கார்னு எனக்கு இப்பத் தெரியும், அதனால சரி பண்ணினேன்" என்று அவள் எழுதினாள். "எனக்குத் தெரியாதவங்களுக்கு நான் எப்படிச் சரி பண்றது? அவங்க கேட்டாத்தான் உண்டு. கேக்கலாம்னு அவங்களுக்கு யாரு சொல்றது? எறும்பு தேடிப் போய்ப் பாத்தாரு மேஸ்திரி. முகப்புல ஒண்ணுமே இல்ல."

சரி, ஓட்டுக்கு விடுவோம் என்று எழுதினார் மேஸ்திரி.

அதற்குப் பிறகு அவள் பென்சிலிடம் வந்தாள். உன் ஒன்றரைப் பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள், நான் வெட்டட்டுமா என்று கேட்டாள். பென்சில் லேசில் விடவில்லை. பெயர் சொல்லி எழுதாவிட்டால் அது நமக்கில்லை என்று சிலர் நினைப்பார்கள் என்று பிடிவாதமாக நின்றாள். அரை மணி நேரம் இழுபறிக்குப் பிறகு நாலு வரி மிஞ்சியது.

"பெண்ணோ ஆணோ வேறு யாரோ, எந்த மொழி, எந்தப் பிறப்பு, எந்த வயது, எப்படிப்பட்ட உடல் என்றாலும் இது உங்களுக்கும் இடம்.
எங்கள் நடைமுறை உங்களை வெளியே நிறுத்தினால் தப்பு நடைமுறையில் இருக்கிறது.
எங்களிடம் சொல்லுங்கள், காரணம் விளக்க வேண்டாம்.
இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டியவர்: ஜன்னல்."

நாலாவது வரியை அவளேதான் சேர்த்தாள். பொறுப்பாளி பெயர் இல்லாத அறிவிப்பை டெப்போவில் யார் மதித்தார்கள், இங்கே மதிப்பதற்கு? ஓட்டு பத்தொன்பதுக்கு ஏழு என்று விழுந்தது. மேஸ்திரி ஏழில் ஒருவர். ஆனால் முகப்பை மாற்றுவது அவர் வேலை, ஐந்தே நிமிஷத்தில் நாலு வரியையும் ஏற்றிவிட்டார். எழுத்தின் அளவைக்கூடக் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தார்.

ஞாயிறு முழுக்க அவள் பதிலுக்காகப் பார்த்தாள். ஒன்றுமில்லை. வராவிட்டாலும் வைத்தது வைத்ததுதான், இனி வருகிறவர்களுக்கு இருக்கட்டும் என்று கணவரிடம் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை ஓய்வுக் கணக்கைக் கையால் போட்டுக்கொண்டிருந்தபோது கடிதம் வந்தது. நீளமான கடிதம்.

"ஜன்னல் அக்காவுக்கு. முகப்பில் இருக்கிற நாலு வரியைப் படித்தேன். காரணம் விளக்க வேண்டாம் என்று போட்டிருப்பதால் நேராகக் குறைகளுக்கு வருகிறேன். மொத்தம் ஐந்து. ஒன்று, சனிக்கிழமைக் கூட்டத்தின் பதிவைப் பார்த்தேன், நீங்கள் எழுதுகிற வேகத்துக்கு யாராலும் படிக்க முடியாது, பென்சில் கேட்டதற்குப் பதிலே சொல்லாமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள். இரண்டு, வாட்ச்மேன் அனுப்புகிற கடிதம் மோசம். ஒருவருக்கு ஆர்வம் குறைந்ததா இல்லையா என்று அதற்கு எப்படித் தெரியும்? மாற்றுங்கள். மூன்று, கூட்டத்தில் என்ன பேசப்போகிறோம் என்று முதல் நாளே எழுதி அனுப்புங்கள், நாலு வருஷமாக நான் கேட்க நினைத்தது இது. நாலு, திக்குகிறவர் எனக்குத் தெரிந்தவர், அவரையும் வரச் சொல்லியிருக்கிறேன், அவரை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. ஐந்து, மேஸ்திரியின் திருத்தம் தப்பு. சரியானதை எழுதிவிட்டேன். உங்களுக்கு அனுப்பிப் போடச் சொல்லலாம் என்று நினைத்தேன், பிறகுதான் சாவி என்னிடமே இருக்கிறதே என்று உறைத்தது. நானே போட்டுவிட்டேன். இரண்டு நாளுக்குள் பதில் வேண்டும்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாலு வருஷம் வாய் திறந்து ஒன்றும் கேட்காத ஆள், வெளியே தள்ளியபோதுகூட ஏன் என்று கேட்காத ஆள், இப்போது எண் போட்டுத் திட்டியிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கண்டக்டர் வலை வழியாக எட்டிப்பார்த்தார்.

"என்னக்கா ஆச்சு? யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா?"

"ஆமாப்பா, நல்லா வாங்கிட்டிருக்கேன். கொஞ்சம் இரு, உன் லீவை அப்புறம் பாக்கறேன்" என்றாள். பிறகு விசைப்பலகையை இழுத்து, முதல் குறைக்கு மெதுவாகப் பதில் எழுத ஆரம்பித்தாள்.